பேட்டரிப் பெட்டிக்குப் பூட்டு

திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் ராஜபாண்டி என்று பெயரைச் சொன்னால், "பேட்டரிய வித்தவர்தான?" என்றுதான் டிரைவர்கள் கேட்பார்கள். அவர் என் கணவர். பதினைந்து வருடம் ஒரே பனியன் கம்பெனிக்கு லாரி ஓட்டியவர். போன ஆவணியில் இறந்துபோனார். ஐம்பத்தொரு வயது. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று எழுத உட்கார்ந்தால், அந்தப் பேட்டரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. வேறு எங்கிருந்து தொடங்கினாலும் இந்த ஊர்க்காரர்கள் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். நான் பி.ஏ. வரலாறு முடித்த வருடம் பெண் பார்க்க வந்தார். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். கூடத்தில் எல்லோரும் இருக்கும்போதே என்னைப் பார்த்து, "நீங்க படிச்சிருக்கீங்க. எனக்கு வண்டி ஒண்ணுதான் தெரியும். ஒத்து வருமான்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். என் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நான் யோசிக்கவே இல்லை, சரி என்று சொல்லிவிட்டேன்.

திருப்பூர் வந்த பிறகு லிங்கசாமி அய்யாவின் கம்பெனியில் அவருக்கு லாரி வேலை கிடைத்தது. அதே கம்பெனியில் நான் செக்கிங் பிரிவில் சேர்ந்து, பிறகு அங்கேயே சூப்பர்வைசர் ஆனேன். ஒரு பனியன் நூலாக வந்து பெட்டியில் அடைபடும் வரைக்கும் ஏழெட்டு இடங்களுக்குப் போய்வர வேண்டும். நிட்டிங்குக்கு ஓர் இடம், சாயத்துக்கு ஓர் இடம், துணியை அழுத்திச் சுருக்கம் எடுக்க இன்னோர் இடம். அத்தனைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தது அவருடைய லாரிதான். ஒரு நாளைக்கு இருபது தடவை நிறுத்துவார், இருபது தடவை ஸ்டார்ட் செய்வார். நெடுந்தூரம் ஓடும் லாரியில் நாலைந்து வருடம் உழைக்கும் பேட்டரி, இந்த மாதிரி ஓட்டத்தில் மூன்று வருடம் தாண்டினால் அதிசயம்.

அதனால்தான் அவர் பேட்டரியை அப்படிக் கவனித்தார். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டதும் லாரியின் பக்கவாட்டில் இருக்கும் பேட்டரிப் பெட்டியைத் திறந்துவிடுவார். உள்ளே இரண்டு பேட்டரிகள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு வோல்ட், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் இருபத்துநாலு. அதில்தான் டீசல் லாரியின் இன்ஜின் சுற்றும். முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றுவார். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியில் வெந்நீரும் ஆப்ப சோடாவும் ஊற்றுவார், அது நுரைத்து அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுவார். மூடிகளைத் திறந்து, தண்ணீர் குறைந்திருந்தால் உப்பு நீக்கிய பேட்டரித் தண்ணீர் விடுவார். குழாய்த் தண்ணீர் விட்டவனை அவர் மன்னித்ததாக எனக்கு நினைவில்லை. கோடை வந்தால் சனிக்கிழமையோடு புதன்கிழமையும் இந்த வேலை நடக்கும்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஒரு பேட்டரி போனால் இரண்டையும் மாற்ற வேண்டும் என்பார். ஒருமுறை லிங்கசாமி அய்யா பெட்டி பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். நான் அப்போது சாப்பாட்டு நேரத்தில் வெளியே நின்றிருந்தேன்.

"ஏனப்பா ராஜபாண்டி, இந்தப் பக்கம் இருக்கறது நல்லாத்தான இருக்குது? அதையும் எதுக்குத் தூக்கிப் போடச் சொல்றே?"

"அய்யா, ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"கேளு."

"உடம்புக்கு ஒரு தடவ சாயம் போட்ட லாட்டுத் துணி, கைக்கு இன்னொரு லாட்டுத் துணின்னு வச்சு நம்ம பனியன் தைக்கிறமா?"

"தெச்சா, வாங்கற வெளிநாட்டு பையர் மூஞ்சிலயே வீசுவான். கலரு ஒத்துப் போகாதல்லோ?"

"அதேதாங்கய்யா. பழச ஒண்ணும் புதுச ஒண்ணும் சேத்து மாட்டுனா, பழசு சார்ஜ் வாங்கிக்காது, புதுசையும் வாங்க விடாது. ஆறு மாசத்துல ரெண்டும் செத்துரும்."

அய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பேட்டரிக்குமாப்பா லாட்டு பாக்கறே நீயி" என்று சிரித்துக்கொண்டே போனார். அன்று சாயங்காலமே இரண்டு புது பேட்டரிகள் வந்தன. பல்லடம் ரோட்டில் கடை வைத்திருக்கும் ஆரோக்கியராஜ்தான் எப்போதும் கொண்டுவந்து மாட்டுவார். ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு நம்பர் உண்டு, அதை வாரண்டி அட்டையில் எழுதி, கடை நோட்டிலும் ஏற்றி வைப்பது அவர் பழக்கம்.

என் தம்பி தவசியும் இதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான். எனக்கு ஒரே தம்பி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நாலு இடத்தில் நிலைக்காமல் வந்தவனை, என் கணவர்தான் அய்யாவிடம் போய் நின்று ஜெனரேட்டர் ஆபரேட்டராகச் சேர்த்துவிட்டார். கரண்ட் போனால் ஜெனரேட்டரை ஓடவிடுவதும், அதன் டீசல், பெல்ட், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதும் அவன் வேலை. தவசி இருக்கும் இடத்தில் சிரிப்புக்குக் குறைவிருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் அவன் மனைவி ஒச்சாயியும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். "மச்சான் ஒருத்தர்தான்யா பொண்டாட்டிய விட பேட்டரிக்கு அதிகமா தண்ணி காட்டுறவரு" என்பான். "அது எதுத்துப் பேசாது மாப்ள" என்பார் இவர்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய மாசி சிவராத்திரிக்கு நானும் அவரும் மகள் வர்ஷினியும் குலசாமி கும்பிட ஊருக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் எந்தச் சீமையில் பிழைத்தாலும் சிவராத்திரிக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள். தவசியை மட்டும் கம்பெனி விடவில்லை. ஏற்றுமதி சரக்கு நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமையும் தையல் ஓடியது, அன்று நாள் முழுக்க மின்வெட்டு என்று முன்பே அறிவித்திருந்தார்கள். பொங்கல் வைத்த சாம்பலைத் துண்டில் முடிந்து அவனுக்கும் கொண்டுவந்தோம்.

ஊரிலிருந்து வந்த பிறகு என் கணவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. லாரியைக் கம்பெனிக்குள் நிறுத்தாமல், வெளியே ரோடு சரியும் இடத்தில் மூக்கைக் கீழ்ப்பக்கமாக வைத்து நிறுத்தினார். காலையில் பிரேக்கை விட்டு உருட்டி, கியர் போட்டு ஸ்டார்ட் எடுத்தார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது தச்சர் ஒருவர் கல்லால் ஆணி அடிப்பதைப் பார்த்த மாதிரி இருக்கும்.

"ஏங்க, என்னாச்சு வண்டிக்கு?"

"பேட்டரி கொஞ்சம் மந்தமா இருக்கு ராணி."

"போன வருசம்தானே ஜோடியா மாத்துனீங்க?"

"பாக்கலாம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த வெள்ளிக்கிழமை வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய சரக்கு. மறுநாள் காலை பத்து மணிக்குள் அங்கே சேராவிட்டால் கப்பல் போய்விடும். பெட்டிகளை ஏற்றுவதற்காக லாரியைக் கம்பெனிக்குள், சமதரையில் நிறுத்தியாக வேண்டும். ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டி, மதியம் இரண்டு மணிக்குச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு முனகல் முனகி நின்றது. மறுபடி திருப்பினார். கிளிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. பாரம் ஏற்றிய லாரியை எத்தனை பேர் தள்ளினாலும் நகராது. இருந்தும் தள்ளிப் பார்த்தார்கள். செக்கிங் ஹால் ஜன்னலில் நாங்கள் அறுபது பெண்களும் நின்று பார்த்தோம். அவர் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பியதில், அரைகுறைக் கரண்டில் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரும் கருகிப் புகைந்தது.

மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்தார். இரண்டு பேட்டரியையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அய்யாவின் மகன் நித்தீஷிடம் சொன்னார்: "தம்பி, இது ஜோடி இல்லீங்க. வலது பக்கம் இருக்கறது போன வருசத்து பேட்டரி. இடது பக்கம் நாலஞ்சு வருசம் ஆனதுங்க. உள்ள பிளேட்டெல்லாம் காஞ்சு கெடக்குது."

கம்பெனி அப்போது நித்தீஷ் கைக்கு வந்திருந்தது. முப்பது வயது. குரலை உயர்த்தவே மாட்டார். அந்த மரியாதையில்தான் உடம்பு கூசும்.

"அண்ணா, நம்ம புது பேட்டரி எங்கீங்க?"

என் கணவர் திறந்திருந்த பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"வித்துப்போட்டீங்கன்னா வித்துப்போட்டேன்னு சொல்லீருங்க. பதினஞ்சு வருசம் ஓட்டியிருக்கீங்க. நாங்க என்ன போலீசுக்கா போகப் போறோம்?"

"நான் விக்கலைங்க."

"அப்பறம் அதுக்குக் கால் மொளைச்சுதுங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டிரைவர் பேட்டரியை விற்றுப் பழையதை மாட்டுவது இந்த ஊர் கேள்விப்படாத கதை இல்லை. என் கணவர் தலையைத் தூக்கி, முற்றத்தின் கோடியில் இருக்கும் ஜெனரேட்டர் அறைப் பக்கம் பார்த்தார். அதன் வாசலில் தவசி கையில் ஸ்பேனரோடு நின்றிருந்தான். அவர் ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறார் என்று எனக்கு அன்று புரியவில்லை. தம்பி முகத்தைப் பார்த்துத் தைரியம் தேடுகிறார் என்று நினைத்தேன். தவசி குனிந்து எதையோ துடைத்தான். பிறகு உள்ளே போய்விட்டான்.

விடியற்காலையில்தான் ஒரு வாடகை லாரி கிடைத்து, பெட்டிகளை மாற்றி ஏற்றி அனுப்பினார்கள். அது போய்ச் சேர்வதற்குள் நேரம் தாண்டிவிட்டது. சரக்கு முழுவதும் கம்பெனி செலவில் விமானத்தில் போக வேண்டியதாயிற்று. திருப்பூரில் ஒரு கம்பெனிக்கு அதைவிடப் பெரிய அடி இல்லை. அன்று சாயங்காலமே அவரிடம் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் நான் கேட்டேன். கேட்டதைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

"எடுத்தீங்களா?"

அவர் சோப்பை இன்னொரு முறை தேய்த்துக்கொண்டார். "சோத்தப் போடு" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சொல்லாததால், ஏதோ அவசரம், யாருக்கோ கொடுக்க எடுத்திருப்பார் என்று நானாக ஒரு காரணம் கட்டிக்கொண்டேன். அவரை மன்னித்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தவசி ஒரு கிலோ கறியோடு வந்தான். "விடுங்க மச்சான், ஊர் வாய மூட உலைமூடி இருக்கா?" என்று அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு எலும்பைக் கடித்தான். என் கணவர் அவன் தட்டில் இன்னொரு துண்டு எடுத்துவைத்தார்.

அதன் பிறகு அவருக்கு நிலையான வேலை அமையவில்லை. இரண்டு மாதம் அலைந்து ஒரு தண்ணீர் டேங்கர் லாரிக்குப் போனார். முதல் நாள் போய்விட்டு வந்து சொன்னார்: "பேட்டரிப் பெட்டிக்கு இரும்புப் பட்டை வச்சு வெல்டு அடிச்சுப் பூட்டுப் போட்டிருக்காங்க ராணி. சாவி ஓனர் வீட்டுல."

"எல்லா வண்டிக்குமா?"

"எனக்குக் குடுத்த வண்டிக்கு."

அந்தப் பூட்டு அவரை அரித்ததுபோல வேறு எதுவும் அரிக்கவில்லை. பட்டையின் இடுக்கு வழியாக டெர்மினலில் வெள்ளை பூப்பது தெரியுமாம். கை போகாது. ஓனரிடம் போய், "சாவி வேணாங்க, நீங்களே நின்னு தெறந்து விடுங்க, தண்ணி மட்டும் ஊத்திக்கிறேன்" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் பேட்டரிக்காரன் பாத்துக்குவானுங்க, நீங்க வண்டிய ஓட்டுங்க" என்று பதில் வந்தது. அடுத்த வருடம் சித்திரை வெயிலில் இரண்டு பேட்டரியும் வறண்டு செத்தன. அதற்கும் அவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். டேங்கர் வரிசையில் மற்ற டிரைவர்கள், "பாண்டியண்ணன் வர்றாரு, பேட்டரிய எல்லாம் மடில கட்டிக்கங்கப்பா" என்று கத்துவார்களாம். அவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

போன ஆவணியில் ஒரு காலை, தண்ணீர் பிடிக்கும் வரிசையில் வண்டி நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க ஆரோக்கியராஜ் வந்தார். பேட்டரிக் கடைக்காரர். வர்ஷினி உள்ளே போன பிறகு பேசினார்.

"அக்கா, இத உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அண்ணன் எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாரு. இனிமே யாருக்காக மறைக்கறது? அந்த பேட்டரி விக்கல. அந்தக் கம்பெனிலயேதான் இருக்கு. ஜெனரேட்டர்ல."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் முழுவதும் சொன்னார்.

சிவராத்திரிக்கு நாங்கள் ஊருக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. மாதக்கணக்கில் தண்ணீர் விடாமல் அதன் பேட்டரி வறண்டு கிடந்திருக்கிறது. உள்ளே நூற்றைம்பது தையல் மெஷின்கள் நிற்கின்றன. அதற்கு முந்தைய மாதம்தான் பெல்ட் அறுந்த விஷயத்தில், இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று நித்தீஷ் தவசியிடம் சொல்லியிருந்தார். இரண்டும் ஒரே அளவு பேட்டரி. தவசி லாரியிலிருந்து ஒன்றைக் கழற்றி ஜெனரேட்டரில் மாட்டினான். ஜெனரேட்டரில் இருந்த செத்த பேட்டரியை லாரியில் வைத்தான்.

"திங்கக்கிழமை பெட்டியத் தெறந்ததுமே அண்ணனுக்குத் தெரிஞ்சு போச்சு. நேரா மாப்ளகிட்டப் போயிருக்காரு. உங்க தம்பி அவரு கால்ல விழுந்துட்டாராம். ரெண்டு வாரம் பொறுங்க மச்சான், பேட்டரி கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன், புதுசு வந்ததும் உங்களத உங்ககிட்டயே மாட்டிர்றேன்னு. எழுதவே இல்ல. வண்டி நின்ன அன்னிக்கு, செல்ஃப் கருகறதுக்கு முன்னாடி, ரெண்டு நட்டக் கழட்டி அந்த பேட்டரியக் கொண்டாந்து மாட்டியிருந்தா பத்து நிமிசத்துல வண்டி கெளம்பியிருக்கும். மாப்ள வாயத் தொறப்பாருன்னுதான் அண்ணன் பாத்துக்கிட்டே நின்னிருக்காரு."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வருசத்துக்கு ஒருக்க ஜெனரேட்டர் பேட்டரிக்கு சர்வீஸ் பாக்க நான்தானே போவேன்? அந்த வருசம் ஆடியில போனப்ப நம்பரப் பாத்தேன். என் நோட்டுல இருக்கற நம்பரு. சின்ன மொதலாளிகிட்ட அன்னிக்கே சொன்னேன்க்கா. நோட்டையும் காட்டுனேன். 'சரிங்க, விடுங்க, முடிஞ்சுபோன கதை'ன்னுட்டாரு. அப்புறம் அண்ணன்கிட்ட ஓடுனேன். 'எனக்கு மொதல்லயே தெரியும் ராஜு. ராணிக்கு மட்டும் தெரிய வேணாம். அவளுக்கு ஒரே தம்பி. தெரிஞ்சா அறுத்துக்கிட்டு வந்துருவா'ன்னாரு."

ஆரோக்கியராஜ் எழுந்து நின்றார். "எனக்கும் அந்தக் கம்பெனிதான்க்கா பெரிய கஸ்டமர்" என்றார். நான் அவரைத் திட்டவில்லை. அவர் ஒருவராவது வந்து சொன்னார்.

அன்றிலிருந்து என்னால் ஒன்றை மட்டும் தாண்ட முடியவில்லை. தம்பி செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும். என் கணவர் தன்னைத் திருடன் என்று நினைத்த ஒருத்தியோடு ஒன்றரை வருடம் ஒரே பாயில் படுத்திருக்கிறார். தன் பெயரைவிட என் பிறந்த வீடு எனக்குப் பெரிது என்று அவராக முடிவு செய்துகொண்டார். என்னைக் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று எல்லோர் முன்னாலும் யோசித்துச் சொல்லச் சொன்ன மனிதர், இதில் என்னை யோசிக்கவே விடவில்லை.

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். நித்தீஷ் ஊரில் இல்லை. லிங்கசாமி அய்யா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லத் தொடங்கியதுமே அவர் கையை உயர்த்தினார்.

"தெரியும் அம்மிணி. பையன் சொன்னான்."

"தெரிஞ்சுமாங்கய்யா?"

"கப்பல் தப்புனதுக்குக் காரணம் கேட்டு பையர் ஆபீசுல இருந்து லெட்டர் வந்துதல்லோ? டிரைவர் திருடிப்போட்டான், ஆளை நிறுத்திப்போட்டோம்னு எழுதிக் குடுத்தாச்சு. அவிங்களும் சரீன்னு ஒத்துக்கிட்டு அடுத்த ஆர்டர் குடுத்தாங்க. அப்பறம் போயி, இல்லீங்க, எங்க ஜெனரேட்டருக்கே எங்களுக்குத் தண்ணி ஊத்தத் தெரியலைங்கன்னு எழுத முடியுமா? நானூறு பேரு பொழைக்கற எடம் கண்ணு."

"தவசி இன்னும் இங்கதான இருக்கான்?"

"அவனை நிறுத்துனா ஏன்னு கேப்பாங்கல்லோ?"

பிறகு அவர் வர்ஷினியின் படிப்பைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: டிரைவர்கள் எல்லோரும் நிற்கும்போது முற்றத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போனவருக்கு இனி பேரு எதுக்குங்க அம்மிணி. இருக்கறவங்களப் பாருங்க" என்றார்.

பதினாறாம் நாள் கருமாதியை அருள்புரத்திலேயே வைத்தோம். தெருவில் சாமியானா போட்டு, வாடகைக்கு நாற்காலிகள் எடுத்திருந்தோம். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர்கள் வந்தார்கள். கம்பெனி டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். உடன்பிறந்தவன் கொண்டுவந்து தோளில் போடுவான். நீ தனியாக இல்லை, நாங்கள் இருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். அப்பா அம்மா இல்லாத எனக்கு அதைப் போட வேண்டியவன் தவசிதான்.

அவன் தட்டில் சேலையோடு வந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது. அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சேலையைப் பிரித்து இரண்டு கையாலும் தூக்கி என் தோள்வரை கொண்டுவந்தபோது, நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"சொல்லிட்டுப் போடு" என்றேன்.

"என்னத்தக்கா?"

"லாரி பேட்டரிய யார் எடுத்தான்னு இந்தக் கூட்டத்துல சொல்லு. சொல்லிட்டுப் போடு. வாங்கிக்கிறேன்."

யாருக்கும் கேட்காத குரலில்தான் பேசினேன். அக்காளும் தம்பியும் அழுகிறார்கள் என்று சுற்றியிருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அக்கா, நல்லது கெட்டது நடக்கற எடத்துல..."

"சொல்லு தவசி. இதுக்கு மேல நான் உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்."

அவன் டிரைவர்கள் இருந்த பக்கம் பார்த்தான். ஒச்சாயியைப் பார்த்தான். அவள் மடியில் சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான். தவசியின் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். ஒரு கணம் சொல்லிவிடுவான் என்றுதான் நம்பினேன். அவன் சேலையை மெதுவாக மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனையைப் பார்த்து நடந்தான்.

"என்னடி இது? கூடப் பொறந்தவன் கோடி போட வந்தா வெரட்டி விடுறவ?" என்று ஒச்சாயி எழுந்து கத்தினாள். குழந்தை விழித்து அழுதது. என் சித்தப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்போது நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "எம் புருசன் பேட்டரிய விக்கல. எடுத்து ஜெனரேட்டர்ல மாட்டுனவன் எந்தம்பி. முதலாளிக்கும் தெரியும்."

பிறகு ஓர் அத்தை என் தோளை அணைத்து, "புருசன் போன துக்கத்துல என்னென்னமோ வருது. உள்ள கூட்டிட்டுப் போங்கடி" என்றாள். இரண்டு பேர் என்னைக் கைத்தாங்கலாக எழுப்பினார்கள். டிரைவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிடாமலே எழுந்து போனார்களா, சாப்பிட்டுப் போனார்களா என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு நாற்காலிக்காரர் வேல்குமார் வண்டியோடு வந்தார். ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வந்தவர், ஒரு நாற்காலியின் முன் நின்றார். பிரித்து மடித்த அந்தச் சேலை அப்படியே இருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை. அவர் அதைத் தூசி படாமல் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அக்கா, இது ஆருதுங்க? புதுச் சேலையாட்ட இருக்குது. மறந்து போட்டுட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குது."

"வந்தவங்க யாரோ விட்டுட்டுப் போனதுங்க. என்னோடது இல்ல" என்றேன்.

அவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை வாசல் திண்ணை மேல் வைத்துவிட்டு, மீதி நாற்காலிகளை எண்ணப் போனார்.